மழலைக்கு எந்த மொழி?

பிள்ளைக்குப் பெயர் சூட்டும்போது நாம் அதனைக் கேட்பதில்லை, கேட்கவும் இயலாது. ஏழாம் நாள் முடி இறக்கிப் பெயர் வைத்து, வந்தோர்க்கு விருந்தளித்து அனுப்பிவிடுகிறோம். வளர்ந்தபின் அவன், 'எனக்கு ஏன் இந்தப் பெயர்?' என்று கேட்பானாயின் பாட்டனார் பெயர் என்றோ இறைநேசர் ஒருவரின் பெயர் என்றோ கூறித் தப்பித்துக் கொள்கிறோம். பெயரையாவது மாற்றிக் கொள்ள வழியுண்டு. மொழி அத்தகையதன்று. ஒரு குழந்தை தன் பசியை முதன்முதலில் எந்தச் சொல்லால் சொல்ல வேண்டும், எந்த மொழியில் கொஞ்சப்பட வேண்டும் என்பதையும் நாமே தீர்மானித்து விடுகிறோம். ஊரிலேயே பிறந்து ஊரிலேயே வளர்வோர்க்கு இது ஒரு கேள்வியாகத் தோன்றுவதே இல்லை. கடல் கடந்து போய்க் குடியேறியவர்களின் வீட்டில்தான் அது நாள்தோறும் சோற்றுத் தட்டின் முன்னே வந்து உட்கார்ந்து கொள்கிறது. அவ்வாறு அது உட்கார்ந்திருந்த ஒரு வீட்டில் நாம் சில வாரங்கள் தங்க நேர்ந்தது.

2023ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் நாமும் நம் இல்லாளும் கனடா நாட்டின் டொரான்டோ மாநகருக்குச் சென்றோம். மகளும் மருமகனும் அந்நகரின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் வாழ்கின்றனர். பேரனுக்கு அப்போது இரண்டு வயதும் நான்கு மாதமும் நிறைந்திருந்தன. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து இடம்பெயர்ந்த தமிழ் மக்கள் பெருந்தொகையாகக் குடியேறிய பகுதி ஸ்கார்பரோ. கடைத்தெருவில் தமிழ்ப் பெயர்ப் பலகைகள் தொங்குகின்றன. பொது நூலகத்தில் தமிழ் நூல்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. சனவரித் திங்களைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக் கனடா நாடாளுமன்றமே 2016இல் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. தமிழுக்குத் தட்டுப்பாடான ஊர் என்று அதனை யாரும் சொல்ல முடியாது. அத்தகைய ஊரில், நம் மகள் வீட்டில் மட்டும், நாம் போய் இறங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்னர் தமிழ் நிறுத்தப்பட்டிருந்தது.

நடந்தது இதுதான். தாயும் தந்தையும் பணிக்குச் செல்பவர்கள். ஆகவே பிள்ளையைப் பகற்பொழுதில் ஒரு குழந்தைக் காப்பகத்தில் விடுகின்றனர். அங்குள்ள அம்மையார் ஒருவர் மகளை அழைத்து, இரண்டு வயது கடந்த குழந்தைக்கு ஏறத்தாழ ஐம்பது சொற்களேனும் தெரிந்திருக்க வேண்டும், உங்கள் மகனோ ஒன்பது சொற்களே பேசுகிறான், வீட்டில் பேசும் மொழி அவனைக் குழப்புகிறது போலும், ஓர் ஆறு மாதத்திற்கு வீட்டிலும் ஆங்கிலமே பேசிப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். நல்லெண்ணத்தோடு சொன்னவர்தான், அவர்மீது நமக்கு மனக்குறை இல்லை. ஆனால் அவர் எண்ணிய ஒன்பதும் ஆங்கிலச் சொற்கள். 'தண்ணி' என்று அவன் கேட்டதையும், மதிய உணவின்போது 'ஆணம்' என்று அழுததையும் அவர் வெறும் மழலை ஒலியாகவே எடுத்துக் கொண்டிருக்கிறார். ஆணம் என்றால் என்னவென்று சென்னைக்காரர்களுக்கே நாம் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. குழம்பைக் குறிக்கும் அந்தப் பழந்தமிழ்ச் சொல் நம் கடற்கரை ஊர்ச் சமையற்கட்டுகளில்தான் இன்றும் உயிரோடு இருக்கிறது. டொரான்டோவின் அம்மையாருக்கு அது விளங்கவில்லை என்பதில் வியப்பென்ன?

ஆயினும் அந்த ஒரு வார்த்தை மகளின் உள்ளத்தில் தைத்துவிட்டது. தன்னால் பிள்ளை பின்தங்கிவிட்டானோ என்ற அச்சத்தை விடப் பெரிய அச்சம் ஒரு தாய்க்கு இல்லை. அன்று முதல் வீட்டில் ஆங்கிலம்.

நாம் போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் கண்டவற்றை மறைக்காமல் எழுதுகிறோம். நம் மகள் கணிதம் படித்தவள். அலுவலகத்தில் ஆங்கிலத்திலேயே நாள் முழுதும் பேசுகிறவள். அவளுடைய ஆங்கிலத்தில் குறை காண நமக்குத் தகுதியும் இல்லை. ஆனால் தன் மகனோடு ஆங்கிலத்தில் அவள் பேசியவற்றைக் கூர்ந்து கேட்டபோது ஒன்று விளங்கியது. அவை பெரும்பாலும் கட்டளைகள். வா, உட்கார், சாப்பிடு, தொடாதே, ஷூவைப் போடு. கட்டளை முடிந்ததும் அவள் பேச்சும் முடிந்துவிடும். குழந்தைகளிடம் ஒரு பயனுமின்றிப் பேசுகின்ற பேச்சு ஒன்று உண்டல்லவா? குளிப்பாட்டும்போதும், தலை துவட்டும்போதும், சோறு ஊட்டும்போதும் தாய்மார்கள் வாய் ஓயாமல் பேசுகின்ற அந்தப் பேச்சு? அது ஆங்கிலத்தில் அவளுக்கு வரவில்லை. அவள் அந்த மொழியில் குளிப்பாட்டப்பட்டவள் அல்லள். வீடு நாளுக்கு நாள் அமைதியாகிக் கொண்டு வந்தது.

நம் இல்லாளின் நிலை இன்னும் கடினம். ஆங்கிலம் அறியாதவள். பேரனைக் காண்பதற்காகப் பல்லாயிரம் மைல் பறந்து வந்தவளிடம், 'உம்மா, இவன்கிட்ட கொஞ்ச நாளைக்குத் தமிழ் பேசாதீங்க' என்று மகள் கண்கலங்கிச் சொன்னாள். அவளும் சரியென்று தலையசைத்தாள். இரண்டு நாள் பேரனுக்கு முன்னால் வாய் திறவாமல், கையைக் காட்டியும் கண்ணைச் சிமிட்டியும் சமாளித்தாள். மூன்றாம் நாள் பிற்பகலில் பிள்ளையைத் தூங்கவைக்கச் சென்ற அறையிலிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது. கதவோரம் நின்று கேட்டோம். திருடியவளைப் போலக் குரலைத் தாழ்த்திக் கொண்டு, ஊரில் நாம் வளர்க்கும் ஆட்டைப் பற்றி அவனுக்குச் சொல்லிக் கொண்டிருந்தாள். அவன், 'ஆடு… ஆடு…' என்று எதிரொலித்துக் கொண்டிருந்தான். நாம் கண்டும் காணாதவராய் வந்துவிட்டோம்.

கனடாவில் அக்டோபர் மாதம் மரங்கள் நிறம் மாறும் காலம். வார விடுமுறை தோறும் மக்கள் உணவுக் கூடையோடும் குழந்தைகளோடும் வண்ணம் பார்க்கக் கிளம்பிவிடுகின்றனர். அதற்கென்றே வடக்கேயுள்ள அல்கான்குவின் காட்டுக்குப் போவோரும் உண்டு. சின்னப் பிள்ளையை வைத்துக் கொண்டு மூன்று மணி நேரம் காரில் செல்வது ஆகாது என்பதால் நாம் அருகிலிருக்கும் ரூஜ் பூங்காவுக்குச் சென்றோம். பூங்கா என்றதும் சென்னைக் கடற்கரைச் சாலையில் உள்ளதைப் போல எண்ணிவிட வேண்டாம். ஏறத்தாழ 79 சதுர கிலோமீட்டர் பரப்பில் காடும் ஆறும் சதுப்பும் வயலுமாக விரிந்து கிடக்கும் இது, 2015ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய நகர்ப்புறப் பூங்காவாக ஆக்கப்பட்டது. ரூஜ் என்பது பிரெஞ்சு மொழியில் சிவப்பு. ஆற்றுக்கு வைத்த அப்பெயர் அக்டோபரில் கரைக்கும் பொருந்திவிடுகிறது. மேப்பிள் மரம் செம்மஞ்சளாகவும் சிவப்பாகவும், பிர்ச் மரம் பொன்னிறமாகவும், ஓக் மரம் செம்பழுப்பாகவும் நின்றன.

மருமகன் அறிவியல் படித்தவர். இலை நிறம் மாறுவது எவ்வாறு என்று நமக்கு விளக்கினார். பகல் குறுகி இரவு குளிரத் தொடங்கியதும் இலைக்கும் கிளைக்கும் இடையே மரம் ஒரு தடுப்பை வளர்க்கிறது. இலையின் பச்சையம் சிதைந்து மறைகிறது. அப்போது தெரிகின்ற மஞ்சள் புதிதாய் வந்ததன்று. கோடை முழுவதும் பச்சைக்குள்ளே அது ஒளிந்து இருந்ததுதான். சிவப்போ அப்படியன்று. இலையில் தங்கிவிட்ட சர்க்கரையைக் கொண்டு மரம் அந்தக் கடைசி நாட்களில் அதனைப் புதிதாகவே ஆக்குகிறது. விழப்போகும் இலைக்கு ஏன் இந்த வேலை என்பதில் அறிஞர்க்குள்ளே இன்னும் கருத்து வேறுபாடு உண்டாம்.

பேரன் இதையெல்லாம் எங்கே கேட்டான்? அவன் இலைக் குவியலுக்குள் இறங்கிவிட்டான். அந்நாட்டார் இலையுதிர் காலத்தை 'ஃபால்' என்கின்றனர். விழுதல் என்பதற்கும் அதுவே சொல். அவனுக்கு இரண்டும் ஒன்றுதான். இலை விழுந்தாலும் ஃபால், தான் விழுந்தாலும் ஃபால். ஓரிடத்தில் கால் இடறி இலை மெத்தையில் குப்புற விழுந்தவன், அழப் போகிறானோ என்று நாம் பதறியபோது, நிமிர்ந்து நம் இல்லாளைப் பார்த்து, 'நன்னி, ஃபால் விழுந்துட்டு' என்றான். விழுந்தது இவனா, இலையா, பருவமா? மகள் சிரிப்பை அடக்கிக் கொண்டாள். அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் திருத்துவதா, தமிழில் திருத்துவதா என்று அவளுக்கே விளங்கவில்லை. திருத்தாமல் விட்டுவிட்டாள்.

இன்னொரு வேடிக்கையும் அங்கே நிகழ்ந்தது. டொரான்டோவின் அணில்கள் நம் ஊர் அணிலைப் போன்றவை அல்ல. பூனைக்குட்டியளவு பருமன், பல கன்னங்கரேலென்று இருக்கும், முதுகில் கோடு கிடையாது. ஒன்று ஓக் மரத்தடியில் கொட்டை பொறுக்கிக் கொண்டிருந்தது. அவன் விரல் நீட்டி, 'ஸ்குவிரல்' என்றான். 'ஆமாம் வாப்பா, அணில்' என்று நாம் தடையை மறந்து சொல்லிவிட்டோம். அவன் நம்மை ஏற இறங்கப் பார்த்தான். 'அணில் இல்ல. ஸ்குவிரல்' என்று உறுதியாகச் சொன்னான். வீட்டுக்கு வந்தபின்தான் காரணம் விளங்கியது. நாம் கொண்டுபோய்க் கொடுத்த தமிழ்ப் படப் புத்தகத்தைத் திறந்து, முதுகில் மூன்று கோடுள்ள படத்தைக் காட்டி, 'அணில்' என்றான். அவனுக்கு அணில் வேறு, ஸ்குவிரல் வேறு. கோடு போட்டது அணில், கறுத்துப் பருத்தது ஸ்குவிரல். பிழை அவனிடமில்லை; ஒரு பொருளுக்கு இரு பெயர் என்று எண்ணிய நம்மிடந்தான் பிழை. இரண்டு மொழிகள் அவனைக் குழப்பவில்லை. நாம் ஒன்றாகக் கண்ட இடத்தில் அவன் இரண்டைக் கண்டான்.

அன்றிரவு மகள் ஒரு தாளை எடுத்துக் கொண்டு, மகனுக்குத் தெரிந்த சொற்களை எழுதத் தொடங்கினாள். நம் இல்லாளும் இப்போது வெட்கத்தை விட்டுத் தன் பங்கைச் சொன்னாள். ஆடு, ஆணம், சோறு, தண்ணி, நிலா, காக்கா, தொப்பி, போவோம், வேணாம்… இரு மொழியும் சேர்ந்து எழுபத்தொன்று வந்தது. இப்படித்தான் எண்ண வேண்டும் என்று அறிஞர்களும் கூறுகின்றனர். அமெரிக்காவின் மயாமி நகரில் ஸ்பானிய மொழியும் ஆங்கிலமும் கேட்டு வளரும் குழந்தைகளை ஆராய்ந்த பார்பரா பியர்சன் என்பாரும் அவருடன் உழைத்தோரும் 1993இல் இதனை எழுதினர். ஒரு மொழியை மட்டும் எண்ணினால் குறைவாகத் தோன்றும் குழந்தை, இரண்டையும் சேர்த்து எண்ணினால் ஒரு மொழிக் குழந்தைக்கு இளைத்ததாக இல்லை என்பது அவர்கள் கண்டது.

இரு மொழி பிள்ளையைக் கெடுக்கும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அதற்கும் ஒரு வரலாறு உண்டு. வேல்ஸ் நாட்டுச் சிற்றூர்ப் பிள்ளைகளைச் சோதித்த சேர் என்னும் ஆய்வாளர், இரு மொழி அறிந்தோர் பின்தங்கியிருப்பதாக 1923இல் எழுதினார். அப்பிள்ளைகளின் வாழ்க்கை நிலையை அவர் சரிவரக் கணக்கில் கொள்ளவில்லை என்று பின்னர் வந்தோர் குறை கண்டனர். 1962இல் அதே கனடாவின் மான்ட்ரியல் நகரில் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் என்ற இருவர், ஒத்த குடும்பநிலையிலுள்ள பத்து வயதுப் பிள்ளைகளை எடுத்துக் கொண்டு பார்த்தபோது, பிரெஞ்சும் ஆங்கிலமும் அறிந்தவர்களே சோதனைகளில் மேம்பட்டு நின்றனர். அந்த மேம்பாடு அவ்வளவு பெரிதுதானா என்று இப்போது ஐயுறுவோர் உண்டு. அதுபற்றி நாம் வாதிட வரவில்லை. கெடுதி என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று, அது போதும். அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே நூல்களில் ஒதுக்கப்பட்ட ஒரு கருத்து, காப்பகத்துக் கதவருகே நிற்கும் ஓர் இளந்தாயின் காதில் இன்றும் சொல்லப்படுகிறது. கருத்துக்களுக்கு மரணம் அவ்வளவு எளிதில் வருவதில்லை போலும்.

இன்னும் ஓர் ஆராய்ச்சி நம்மை உலுக்கியது. கனடாவின் மேற்குக் கரையில் ஜானட் வெர்க்கர் என்பாரும் ரிச்சர்ட் டீஸ் என்பாரும் 1984இல் வெளியிட்டது. இந்தி மொழியில் பல்லில் நா பட்டுப் பிறக்கும் 'த'கரத்துக்கும், நா மடிந்து பிறக்கும் 'ட'கரத்துக்கும் உள்ள வேறுபாடு ஆங்கிலம் மட்டும் அறிந்த பெரியவர்களுக்குக் கேட்பதில்லை. ஆனால் ஆங்கிலேயர் வீட்டுக் குழந்தை ஆறேழு மாதத்தில் அதனைப் பிரித்து அறிகிறது. முதல் ஆண்டு முடிவதற்குள் அந்தத் திறன் மங்கிப் போகிறது. நம் தமிழிலும் அவ்விரு ஒலியும் உண்டு. தத்தை வேறு, தட்டை வேறு. அப்படியானால் பிள்ளை வளர்ந்தபின் அவனே விரும்பினால் கற்றுக் கொள்ளட்டும் என்று கூறுவோர், ஒரு கதவு சாத்தப்படுவதற்கு வெளியே நின்றுகொண்டு பேசுகின்றனர். கற்கலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் பிறவியிலே கிடைத்த செவியை இழந்தபின், விலை கொடுத்துக் கற்க வேண்டும்.

நாம் இவ்வளவும் கூறி முடித்தபோது மருமகன் அமைதியாகக் கேட்டுக் கொண்டிருந்தார். பிறகு அவர் சொன்னதை இங்கே எழுதாமல் விட்டால் நாம் நேர்மை தவறியவராவோம்.

'மாமா, நீங்க சொல்றது எல்லாம் சரி. ஆனா ஒண்ணு கேக்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இவன் தமிழ் பேசணும்னு நீங்க நினைக்கிறது இவனுக்காகவா, உங்களுக்காகவா?'

அவர் இங்கிலீஷ் மீடியம் பள்ளி ஒன்றில் படித்தவர். அங்கே வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம். வீட்டிலோ ஆங்கிலம் அறிந்தவர் எவருமில்லை. பள்ளியில் தமிழுக்காகத் தலைகுனிந்து, பின்னர் வேலைக்குச் சென்ற இடத்தில் ஆங்கிலத்துக்காகத் தலைகுனிந்து, இரு பக்கமும் அடிபட்ட மனிதர். தம் மகனாவது ஒரு மொழியில் முழுமையாக, கூச்சமின்றி, தன் வீட்டில் நடமாடுவது போல நடமாட வேண்டும் என்று அவர் விரும்புகிறார். அந்த விருப்பத்தில் குற்றம் காண நம்மால் முடியவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு அன்றிரவு நாம் விடை சொல்லவுமில்லை. படுக்கையில் உறக்கம் வராமல் புரண்டபோது, உண்மையான விடை மெதுவாகத் தலை காட்டிற்று. பாதி நமக்காகத்தான். பேரனோடு பேச முடியாமல் போய்விடுமே என்ற அச்சம். மூப்பு வந்தபின் தொலைபேசியில் ஒரு முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் கையசைத்து வைத்துவிடும் தாத்தாக்களை நாம் ஊரில் எத்தனை பேரைக் கண்டிருக்கிறோம்! அப்படி ஆகிவிடக் கூடாதென்ற தன்னலம் நம்மிடம் இருந்தது. அதற்குத் தமிழ்ப் பற்று என்ற சட்டையைப் போட்டுவிட்டு அறிஞர்களைத் துணைக்கு அழைத்து வந்தோம்.

தன்னலம் கலந்தது என்பதனால் மட்டும் ஒரு விருப்பம் தவறாகிவிடுமா? தாய் பிள்ளைக்குச் சோறூட்டுவதிலும் அவளுடைய மகிழ்ச்சி கலந்திருக்கிறது. அதனால் சோறு கெட்டுப் போவதில்லை. எனினும் நம் விருப்பத்தைப் பிள்ளையின் கடமையாக மாற்றும்போது எச்சரிக்கை வேண்டும். மொழியைக் காப்பது பிள்ளையின் வேலையன்று. இரண்டு வயதுக் குழந்தையின் தோளில் ஒரு சமூகத்தின் பாரத்தை ஏற்றுவது அறமாகாது.

மேலும், மொழி மாறிய நம்மவர்கள் எல்லாரும் கெட்டழிந்தார்கள் என்று சொல்ல வரலாறு இடம் தரவில்லை. நம் கடற்கரை ஊர்களிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வணிகம் செய்யப் போனவர்கள் அங்கே மலாய்ப் பெண்களை மணந்தனர். அவர்களின் வழிவந்தோர் ஜாவி பெரானாக்கான் எனப்பட்டனர். அவர்களுடைய வீட்டு மொழி மலாயாயிற்று. அதனால் அவர்கள் ஊமையாகிவிடவில்லை. மலாய் மொழியின் முதல் செய்தித்தாளாகிய 'ஜாவி பெரானாக்கான்' 1876இல் சிங்கப்பூரில் அவர்கள் கையால்தான் பிறந்தது. அதே சிங்கப்பூரில் 1887இல் 'சிங்கை நேசன்' என்ற தமிழ் வார இதழைத் தொடங்கி நடத்தியவரும் நம்மவரான மகுதூம் சாயபுதான். ஒரே வேரில் இரண்டு கிளை. எந்தக் கிளை நல்ல கிளை என்று தீர்ப்புக் கூற நாம் யார்? மனிதரின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவன் தன் சான்றுகளில் ஒன்றாகச் சொல்கிறான் என்று நாம் கேட்டு வளர்ந்தவர்கள். அந்தச் சான்றில் மலாய்க்கும் இடமுண்டு, ஆங்கிலத்துக்கும் உண்டு.

அப்படியானால் தவறு எங்கே இருக்கிறது? இதற்கும் கனடாவே ஒரு விடை வைத்திருக்கிறது. அந்நாட்டின் பூர்வகுடிகளின் குழந்தைகளை, ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேரை, பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் வைத்தனர். தம் மொழியைப் பேசிய பிள்ளைகள் அங்கே தண்டிக்கப்பட்டனர். விடுமுறையில் வீடு திரும்பிய பிள்ளைக்கும் அதனைப் பெற்ற தாய்க்கும் இடையே பேசிக் கொள்ள மொழி இல்லாது போனது. 2008இல் அந்நாட்டு அரசு நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டது. டொரான்டோ என்ற பெயரே மோஹாக் மக்களின் மொழியில் நீரில் நிற்கும் மரங்கள் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது என்பர். ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு, அதைச் சொல்லத் தெரிந்த குழந்தைகளின் வாயை அடைத்திருக்கின்றனர். காப்பகத்து அம்மையாரின் அறிவுரையை இந்தக் கொடுமையோடு ஒப்பிடுவது அநீதி, நாம் ஒப்பிடவில்லை. ஆனால் எது தவறு என்பதை அந்தப் பள்ளிகள் தெளிவாகக் காட்டிவிட்டன. பிள்ளை எந்த மொழியைப் பேசினாலும் தவறில்லை. தாயின் வாயை அவள் பிள்ளையின் முன்னே கட்டுவதுதான் தவறு. அதனை அரசு செய்தாலும், அச்சத்தால் அவளே செய்து கொண்டாலும் வீட்டுக்குள் நிகழ்வது ஒன்றுதான்.

அடுத்த வாரம், நன்றி நவிலும் நாள் என்று அவர்கள் கொண்டாடும் அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை விடுமுறையில், ஸ்கார்பரோவின் ஊடே ஓடும் ஹைலண்ட் ஓடைக்கு மீன் பார்க்கப் போனோம். ஒன்டாரியோ ஏரியிலிருந்து சினூக் சால்மன் என்ற பெரிய மீன்கள் இலையுதிர் காலத்தில் முட்டையிடுவதற்காக ஓடைகளில் எதிர்நீச்சலிட்டு ஏறி வருகின்றன. ஒரு முழத்துக்கும் மேல் நீளமுள்ள மீன், முதுகு வெளியே தெரியுமளவு ஆழங்குறைந்த நீரில், கல்லில் உடலைத் தேய்த்துக் கொண்டு முன்னேறுகிறது. பிறந்த இடம் தேடி வரும் மீனைப் பார்த்ததும் தாய்மொழிக்கு ஓர் உவமை கிடைத்துவிட்டதென்று நம் எழுத்தாளப் புத்தி துள்ளியது. மருமகன் அதனையும் கலைத்துவிட்டார். இம்மீன்கள் இந்த ஏரிக்குரியவை அல்லவாம். பசிபிக் பெருங்கடலின் பக்கத்திலிருந்து அரை நூற்றாண்டுக்கு முன்னர் கொண்டுவந்து விடப்பட்டவையாம். முட்டையிட்டதும் செத்தும் போகுமாம். வந்தேறி மீன், வந்த இடத்தையே பிறந்த இடமாக்கிக் கொண்டு, கடைசியில் அங்கேயே மடிகிறது. உவமை நமக்கு எதிராகத் திரும்பிவிடவே அதனை அங்கேயே ஓடையில் விட்டுவிட்டோம்.

பேரனுக்கு மீனைக் கண்டதும் தலைகால் புரியவில்லை. நம் கையை உதறிக் கொண்டு ஓடினான். கரையோரம் ஈர இலைகள் அழுகி வழுக்கலாய்க் கிடந்தன. அதற்கப்பால் நீர் வேகமாய் ஓடிற்று. சில எட்டுத் தூரம்தான். மூன்று வாரத்துக்கும் மேலாக மகனிடம் ஆங்கிலம் தவிர வேறு பேசாதிருந்த மகள், இருந்த இடத்திலிருந்தே கத்தினாள்.

'வேணாம் வாப்பா! நில்லு வாப்பா!'

அவன் நின்றான். திரும்பிப் பார்த்தான். அவள் ஓடிப்போய் அள்ளிக் கொண்டாள்.

அவன் சொல்லைக் கேட்டு நின்றானா, குரலைக் கேட்டு நின்றானா என்று நமக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் கத்தியிருந்தாலும் நின்றிருக்கலாம். இதனைச் சான்றாகக் காட்டி மருமகனை வென்றுவிட நாம் விரும்பவில்லை. நாம் கவனித்தது வேறொன்று. தான் பெற்ற மகனை, தன் தந்தையை அழைக்கும் சொல்லாலேயே, 'வாப்பா' என்று அழைக்கிறாள் தாய். நம் வீடுகளில் இது அன்றாடம் நிகழ்வதால் நாம் நின்று நினைத்ததில்லை. ஆண் பிள்ளையை வாப்பா என்றும், பெண் பிள்ளையை உம்மா என்றும் கொஞ்சுகிறோம். மூன்று தலைமுறை அந்த ஒரு விளியில் வந்து நின்றுவிடுகிறது. அவள் ஆங்கிலத்தில் அவனை அழைக்க எத்தனையோ இனிய சொற்கள் உண்டு. அவற்றை அவள் அறிவாள். எனினும் உயிர் பதறிய அந்தக் கணத்தில் அவள் நாவில் வந்தது இதுதான். அவள் முகம் வெளிறிப் போயிருந்தது. ஆனால் பிள்ளையைத் தோளில் போட்டுக் கொண்டு திரும்பி நடக்கையில் அவள் பேச்சு நிற்கவில்லை. ஏன் ஓடினே, தண்ணில விழுந்தா உம்மா என்ன பண்ணுவேன், மீனு உன்னைத் தின்னுடும், நன்னா பயந்துட்டாங்க பாரு, கால் எல்லாம் சேறு, வீட்டுக்குப் போய்க் குளிப்போம் என்று காருக்கு வரும் வரை ஓயாமல் பேசிக் கொண்டே வந்தாள். மருமகன் பின்னால் கூடையைத் தூக்கிக் கொண்டு வந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அன்று முதல் அந்த வீட்டில் ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததன்று. தாய் தமிழில் பேசினாள், தந்தை ஆங்கிலத்தில் பேசினார். ஒருவருக்கு ஒரு மொழி என்ற இந்த முறையைப் பிரான்சு நாட்டின் ரோன்ஜா என்னும் மொழியறிஞர் தம் மகனிடம் கையாண்டு 1913இலேயே நூல் எழுதியிருக்கிறார் என்பதை நாம் பின்னர்தான் படித்தோம். இதனால் பேரன் என்றும் தமிழ் பேசுவான் என்று நாம் உறுதி கூற மாட்டோம். லியோபோல்டு என்னும் அறிஞர் அமெரிக்காவில் தம் மகளோடு ஜெர்மன் மொழியிலேயே பேசி வளர்த்து, அவளுடைய பேச்சைக் குறித்து நான்கு தொகுதிகள் எழுதினார். அந்தச் சிறுமி ஐந்து வயதில் ஜெர்மனிக்குச் சென்றதும் சில வாரங்களில் ஆங்கிலம் பின்னே போய்விட்டதாம். அமெரிக்கா திரும்பியதும் ஜெர்மன் பின்னே போயிற்றாம். பிள்ளைகளின் நா அவ்வளவு இளகியது. நாளை பள்ளிக்கூடம் வரும், தோழர்கள் வருவார்கள். ஒருநாள் தாய் தமிழில் கேட்க, மகன் ஆங்கிலத்தில் விடை சொல்லத் தொடங்குவான். அப்போதும் அவள் தமிழிலேயே கேட்டுக் கொண்டிருப்பாளா என்பது அவளைப் பொறுத்தது. அவன் விடை சொல்லும் மொழி அவனைப் பொறுத்தது.

காப்பகத்து அம்மையாரிடம் மகள் அந்த எழுபத்தொரு சொற்களின் பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆங்கிலத்தில் பொருளும் எழுதியிருந்தாள். அவர் அதனை வாங்கிச் சுவரில் ஒட்டி வைத்துக் கொண்டாராம். இப்போது அவன் 'தண்ணி' என்றால் கொடுத்து விடுகிறார். 'ஆணம்' என்பதைச் சொல்லிப் பார்த்து அவர் படும் பாட்டைக் கண்டு பிள்ளைகள் சிரிக்கின்றனவாம்.

நாம் நவம்பர் தொடக்கத்தில் ஊர் திரும்பினோம். அப்போது ரூஜ் காட்டில் இலைகள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. நம் ஊரிலோ அடைமழை, மரமெல்லாம் பச்சை. நம்மவர்க்கு இலையுதிர் காலம் என்பது பாடப்புத்தகச் சொல்தான். கார், கூதிர், முன்பனி, பின்பனி என்று பருவத்தை ஆறாக வகுத்த முன்னோர் அப்படியொரு பெயரை அதில் வைக்கவில்லை. எனினும் நம் கொல்லையில் ஒரு வாதா மரம் இருக்கிறது. கடற்கரை ஊர்களில் அது இல்லாத வீடு குறைவு. குளிர் கழிந்து வெயில் ஏறத் தொடங்கும் நாட்களில் அதன் அகன்ற இலைகள் மேப்பிளைப் போலவே செக்கச் செவேலென்று சிவந்து உதிரும். அறுபது ஆண்டுகளாக அதனைப் பெருக்கித் தள்ளியிருக்கிறோமே தவிர, பார்த்ததில்லை. பிப்ரவரியில் ஒருநாள் தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசும்போது, அதில் ஓர் இலையை எடுத்துப் பேரனுக்குக் காட்டினோம். அங்கே ஜன்னலுக்கு வெளியே பனி பெய்து வெள்ளையாகக் கிடந்தது.

அவன் இலையைப் பார்த்தான். கண்ணாடித் திரைக்கு மிக அருகே மூக்கு ஒட்டுமளவு வந்தான். பிறகு திரும்பி, சமையற்கட்டில் இருந்த தாயைக் கூவி அழைத்தான்.

'உம்மா! நன்னா வீட்ல ஃபால் வந்துட்டு!'